மூணாம் பல்லு

நாற்காலி வாங்கக் கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் குனிந்து அடியில் பார்ப்பேன். கூட வந்த பிள்ளைகளுக்கு வெட்கமாக இருக்கும். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராகவும் பிறகு மேஸ்திரியாகவும் இருந்தவனுக்கு வேறு எப்படிப் பார்க்க வரும்? மெத்தை, துணி, நிறம் எல்லாம் கடைக்காரர் சொல்லிவிடுவார். சாய்கிற முதுகுச் சட்டத்தை எது பிடித்து நிறுத்துகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. சாய்வு நாற்காலியில் எனக்குத் தெரிந்து விஷயமே அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டு ஈஸி சேரிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்களில் பலர் வீட்டிலும் அது இருந்திருக்கும். கோடு போட்ட கித்தான் துணி, மேலே ஒரு உருட்டுக் கட்டை, கீழே ஒரு உருட்டுக் கட்டை, பெருக்கல் குறி போல ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு மரச் சட்டங்கள். கீழ்க் கட்டையை உருவி வைத்துவிட்டு, மாமாவோ சித்தப்பாவோ வந்து உட்காரும்வரை தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. தொப்பென்று விழுகிற சத்தமும் அதற்குப் பிறகு கிடைக்கிற அடியும் இன்றைய குழந்தைகளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த நாற்காலியில் மூன்றாவதாக ஒரு சின்னச் சட்டம் உண்டு. முதுகுச் சட்டத்தின் பின்னால் போல்ட் போட்டுத் தொங்கும். அதன் கடைசியில் ஒரு குறுக்குக் கட்டை. அந்தக் கட்டை, தரையை ஒட்டி இருக்கும் பின்கால் சட்டத்தின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்களில் ஒன்றில் போய் உட்காரும். எங்கள் வீட்டில் அந்தப் பள்ளங்களைப் பல் என்போம். மூன்று பல். கடைக்கோடிப் பல்லில் போட்டால் நன்றாகச் சாயும், பகல் தூக்கத்துக்கு. நடுப்பல் ரேடியோ கேட்க. முன்பல் நிமிர்ந்து பேப்பர் படிக்க.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் பின்பக்கச் சுவர் செங்குத்து, முன்பக்கம் சரிவு. சாய்ந்து உட்காரும்போது முதுகின் பாரம் குறுக்குக் கட்டையைப் பின்னுக்கும் கீழுக்கும் தள்ளும். பின்னால் செங்குத்துச் சுவர் என்பதால் கட்டை தாண்ட முடியாது, பள்ளத்தில் இன்னும் அழுந்தி உட்காரும். ஆள் எவ்வளவு கனமோ பிடி அவ்வளவு கெட்டி. நிமிர்த்த வேண்டுமானால் முதுகுச் சட்டத்தைப் பிடித்து மேலே இழுத்தால் போதும், கட்டை சரிவில் ஏறித் 'டக்'கென்று அடுத்த பல்லில் தானே விழும். சாய்க்க வேண்டுமானால் அப்படி முடியாது. எழுந்து பின்னால் போய்க் கட்டையைக் கையால் தூக்கித்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் தானாகப் போகும், மறுபக்கம் கேட்டுத்தான் போகும். பணிமனையில் நாங்கள் ராட்செட் என்று சொல்வதும், கிணற்று ராட்டினத்தில் பல்சக்கரத்தின் மேல் விழுந்துகொண்டே போகும் கொக்கியும் இதே வேலைதான்.

வெள்ளைக்காரன் வீட்டிலும் இது வெகுநாளாக இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்ற கவிஞரும் கைவினைக்காரருமான ஒருவரின் கம்பெனி 1860களில் ஒரு சாய்வு நாற்காலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாரிஸ் நாற்காலி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அதை அவர் யோசித்துச் செய்யவில்லை. சசெக்ஸ் பக்கத்து ஒரு கிராமத்துத் தச்சர் செய்து வைத்திருந்ததைக் கம்பெனி மேலாளர் பார்த்துவிட்டு வந்து சொல்ல, அதை வைத்து உருவாக்கினார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பி, அதை மாட்ட வரிசையாகப் பள்ளம் அல்லது முளை. அவ்வளவுதான். தச்சர் செய்தது, பெயர் முதலாளிக்கு. இது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். 1928-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மன்ரோ என்ற ஊரில் இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் மரப் பலகைகளை வைத்துத் திண்ணையில் போடும் ஒரு சாய்வு நாற்காலி செய்தார்கள். அதுதான் பிறகு மெத்தை வைத்து லேசி பாய் என்று உலகம் சுற்றியது. இப்போது நம்மூர்க் கடைகளில் ரெக்லைனர் என்று வரிசையாக நிற்பவை அதன் பேரப்பிள்ளைகள்.

அப்பா அந்த ஈஸி சேரை 1978-ல் வாங்கினார். ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்து ரிட்டயரான வருஷம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஓடும் ரயிலில் தபால் பெட்டியில் நின்றுகொண்டு ராத்திரி முழுவதும் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துச் சிறு அறைகளில் போடும் வேலை. உட்கார நேரம் இருக்காது. ரிட்டயரான மறுவாரம் உறையூரில் ஒரு ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் செய்து, கூலி ஆளின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "நின்னது போதும்டா" என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை. அம்மாவுக்கு அந்தச் செலவு பிடிக்கவில்லை, ஆனால் மத்தியானம் அவர் இல்லாதபோது அவளும் அதில்தான் உட்காருவாள்.

1985 ஐப்பசியில் அப்பாவுக்கு ராத்திரியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒன்பது மணிக்குக் கட்டிலில் நன்றாகப் படுப்பார். ஒரு மணி சுமாருக்குத் தூக்கிவாரிப்போட்டது போல எழுந்து உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். அரை மணியில் சரியாகும். மறுபடி படுத்தால் மறுபடி வரும். அம்மா தலையணைகளை அடுக்கிப் பார்த்தாள். இலவம்பஞ்சுத் தலையணை அடுக்கினால் எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு மணி நேரத்தில் சரிந்து, அவர் கழுத்து மட்டும் மடங்கிக் கிடக்கும். நாலைந்து நாள் பார்த்துவிட்டு அவரே எழுந்துபோய் ஈஸி சேரில் சாய்ந்துகொண்டார். கடைக்கோடிப் பல். அன்றைக்கு விடியும்வரை தூங்கினார்.

இருதயத்துக்குப் பம்ப் செய்யும் பலம் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றுச் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தவர். மனுஷர் பொறுமையாக விளக்கினார். நிற்கும்போதும் உட்காரும்போதும் ரத்தத்தில் ஒரு பங்கு காலிலும் வயிற்றிலும் தங்கி நிற்கும். மல்லாந்து படுத்ததும் அது நெஞ்சுக்குத் திரும்பி வரும். நல்ல இருதயம் அதை வாங்கி முன்னால் தள்ளிவிடும். பலமில்லாத இருதயத்தால் தள்ள முடியாது, பின்னால் நுரையீரலில் தேங்கும், மூச்சு அடைக்கும். அதனால்தான் நிமிர்ந்து உட்கார்ந்ததும் சுகம். இந்த நோய்க்காரர்களிடம் டாக்டர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்பது. தலையணை கூடினால் நோய் கூடியிருக்கிறது என்று கணக்கு.

லாசிக்ஸ் மாத்திரை கொடுத்தார், டிகாக்சின் கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். அப்பாவுக்கு மற்றதெல்லாம் சம்மதம், உப்பில்லாத ரசம் மட்டும் சம்மதமில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது டாக்டர் வழக்கம்போலக் கேட்டார், "இப்ப எத்தனை தலைகாணி வைக்கிறீங்க?"

அப்பா பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "தலைகாணியே இல்லைங்க டாக்டர். மூணாம் பல்லு."

டாக்டர் அப்பாவின் வாயைப் பார்த்தார். நான் காகிதத்தில் நாற்காலியைப் படம் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தீபாவளி சமயத்தில் எந்தப் பல், போன மாதம் எந்தப் பல் என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் தலையணையைப் பற்றிக் கேட்டதே இல்லை. அறைக்குள் நுழைந்ததும், "என்ன சார், எந்தப் பல்லு?" என்பார். தலையணை வீட்டுக்கு வீடு தடிமன் மாறும். பல் மாறாது. அப்பாவின் உடம்பை அந்த ஒன்றரை வருஷம் நாங்கள் அதை வைத்துத்தான் அளந்தோம். மருந்து பிடித்து மாசியில் ஒரு நாள் அவர் இரண்டாம் பல்லில் விடியவிடியத் தூங்கியபோது, அம்மா தெருவில் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கேட்டவர்களுக்கு என்ன புரிந்திருக்குமோ.

அடுத்த மழைக்காலத்தில் மூன்றாம் பல்லும் போதாமல் போயிற்று. இன்னும் நிமிர வேண்டும் என்றார். முதுகுக்குத் தலையணை வைத்தால் கித்தான் துணியின் குழிவில் வழுக்கிக் கீழே போய்விடும். "நாலாவதா ஒண்ணு வெட்ட முடியாதாடா?" என்று ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டார். என்னிடம் அவர் எதையும் கேட்கிறவர் இல்லை.

வெட்டுவது பத்து நிமிஷ வேலை. ஆனால் மூன்றாம் பல்லுக்கு முன்னால் இரண்டு அங்குலத்தில் சட்டங்கள் சேரும் போல்ட் ஓட்டை இருந்தது. ஓட்டைக்கு அவ்வளவு பக்கத்தில் மரத்தைப் பள்ளம் எடுத்தால், ரேகை ஓடுகிற வழியில் விரிசல் விட்டு ஒரு நாள் ராத்திரி பிளந்துகொள்ளும். உறையூர் ஆசாரியிடம் காட்டினேன். அவரும் தலையை ஆட்டினார். "மரத்த தொடாதீங்க தம்பி, இரும்புல போடுங்க" என்றார்.

இரண்டு இரும்புப் பட்டைத் துண்டு எடுத்துக்கொண்டேன். இதில் முக்கியமான சங்கதி, இரண்டு பக்கத்துப் பல்லும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறுக்குக் கட்டை ஒரு பக்கம் மட்டும் உட்காரும், மறுபக்கம் தொங்கும். உட்கார்ந்தவரின் பாரம் முழுவதும் ஒரு காலில் இறங்கிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதனால் இரண்டு பட்டையையும் ஒன்றாகச் சேர்த்து வைஸில் கவ்வி, இரண்டையும் ஒரே அரத்தில் ஒரே சமயத்தில் அரைவட்டமாக ராவினேன். பின்சுவர் செங்குத்து, முன்பக்கம் சரிவு, ஆசாரி வெட்டியதைப் போலவே. பிறகு தனித்தனியாகப் பிரித்து மரத்தின் உட்பக்கம் போல்ட் போட்டு முடுக்கினேன். அப்பா உட்கார்ந்தார். சாய்ந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் மூச்சு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ம்" என்றார்.

மூன்றாம் நாள் ராத்திரி வேறு ஒரு பிரச்சினை வந்தது. தண்ணீர் குடிக்க முன்னால் குனிந்தபோது முதுகின் பாரம் விலகியது. கையைச் சட்டத்தில் ஊன்றி எழுந்தார் போலிருக்கிறது, குறுக்குக் கட்டை பள்ளத்திலிருந்து கிளம்பி, அவர் மறுபடி சாய்ந்ததும் மூன்றாம் பல்லில் போய் இடித்து நின்றது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குலுக்கலில் பயந்துபோய் விடியும்வரை சாயவே மறுத்துவிட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தாங்குவது வேறு, பூட்டுவது வேறு என்று பணிமனையில் புதுப் பையன்களுக்கு நான் சொல்வதுண்டு. பாரம் இருக்கும்வரை பல் தாங்கும். பாரம் போய்விட்டால் பல்லுக்கு வேலையில்லை. பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அசையாமல் இருக்க வேண்டுமானால் தனியாக ஒரு பூட்டு வேண்டும். ஆகவே ஒவ்வொரு பட்டையிலும் கட்டையின் மேல் வந்து விழும்படி ஒரு இரும்பு நாக்கு வைத்தேன், கதவுக்குக் கொக்கி போடுகிறோமே, அதைப் போல. ஆட்டத்தில் தளராமலிருக்க நட்டின் மேல் இன்னொரு நட்டு. அம்மா ஒரு விரலால் தூக்கி விடுகிற அளவுக்கு லேசாக இருக்க வேண்டும், தானாகத் தூக்கிக்கொள்ளவும் கூடாது. அந்த நாக்கைச் சரிப்படுத்தத்தான் மற்ற எல்லா வேலையையும்விட அதிக நேரம் பிடித்தது. அன்றிலிருந்து அம்மா படுக்கப் போகுமுன் குனிந்து இரண்டு பக்கமும் தட்டிப் பார்ப்பாள். அடுப்பு அணைந்ததா, வாசல் தாழ் போட்டதா, நாக்கு விழுந்ததா.

1987 தை மாதம் ஒரு விடியற்காலையில் அப்பா அந்த நாற்காலியிலேயே போனார். காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, "அத மடிச்சு வச்சிருடா" என்றாள் அம்மா. மடிக்கப் போனால் மடியவில்லை. மடிக்க வேண்டிய அவசியம் வரும் என்று நினைத்து நான் அந்தப் பட்டைகளை வைக்கவில்லை. இரண்டு ஸ்பானர் எடுத்துவந்து நட்டுகளைக் கழற்றி, பட்டைகளையும் நாக்குகளையும் எடுத்த பிறகுதான் மடிந்தது. அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு நட்டாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எவ்வளவோ விதமான சாய்வு இருக்கைகளைப் பார்த்துவிட்டேன். ஏ.சி. சேர் கார் இருக்கைகள், புஷ்பேக் பஸ்கள். புஷ்பேக் பஸ்ஸில் பூட்டுத் தேய்ந்துபோன இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து சென்னைவரை போயிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் இருப்பவர் தூங்கத் தூங்க நம் முழங்காலுக்கு வந்துவிடுவார். சிங்கப்பூரில் இருக்கும் பெரியவனைப் பார்க்கப் போனபோது, விமான இருக்கையில் பல்லே இல்லாமல் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். விசாரித்தால் சங்கதி எளிது. பல விமான இருக்கைகளில் வழுவழுப்பான ஒரு இரும்புத் தண்டின் மேல், தண்டைவிட ஒரு துளி குறுகலான ஸ்பிரிங் சுற்றியிருக்கும். சும்மா இருக்கும்போது ஸ்பிரிங் தண்டை இறுக்கிக் கவ்விக்கொண்டிருக்கும். கைப்பிடியில் பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங்கின் முனையைக் கொஞ்சம் பிரித்துவிடும், பிடி தளரும், தண்டு வழுக்கும். விரலை எடுத்தால் மறுபடி கவ்வும். ஈரத் துணியைக் கையில் முறுக்கினால் இறுகுகிறது, பிரித்தால் தளருகிறது, அதே சமாசாரம். ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கையை நிமிர்த்தச் சொல்கிறார்களே, அது பின்வரிசைக்காரர்கள் ஆபத்தில் தடையில்லாமல் வெளியே ஓடுவதற்காக. அதட்டல் என்று நினைத்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கரண்டில் ஓடும் ரெக்லைனர்களை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்த ஒரு சிநேகிதர் அதில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தபோது கரண்டு போய், ஒரு மணி நேரம் நீட்டிய காலோடு கிடந்தார். வாங்குகிறவர்கள், பேட்டரி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மா வந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரருக்கும் அதே மூச்சு வாங்கல். எங்கள் வீட்டுக் கதை எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. "அண்ணே, எங்க சேர்லயும் ஒரு பல்லு வச்சுக் குடுக்கறீங்களா?" என்றார்கள். போய்ப் பார்த்தேன். அது ரப்பர் மரத்தில் செய்த நாற்காலி, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலே வாடகைக்குக் கிடைக்கிறதே. போன் செய்தோம், சாயங்காலம் வண்டியில் வந்து இறங்கியது.

அந்தக் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு கைப்பிடி இருக்கும். ஒன்று முதுகுப் பலகைக்கு, ஒன்று முழங்காலுக்கு. அரைகுறையாக உட்கார்த்தி வைக்கும் அந்த நிலைக்கு ஃபௌலர் நிலை என்று பெயர். ஃபௌலர் ஒரு அமெரிக்க சர்ஜன். வயிற்றில் ஆபரேஷன் ஆன நோயாளிகளுக்கு, சீழ் மேலே பரவாமல் கீழே தங்கட்டும் என்று அப்படி வைத்தார். நாம் மூச்சுக்கு வைக்கிறோம்.

அந்த அம்மாவுக்கு ஒரு பயம். "கைப்பிடிய விட்டுட்டா முதுகு சடார்னு கீழ போயிராதா அண்ணே? இதுக்குப் பல்லு எங்க இருக்கு?"

நல்ல கேள்வி. பல் இல்லைதான். உள்ளே இருப்பது நீளமான ஒரு திருகு. அதன் மரையின் சரிவு மிகக் குறைவு. நாம் கைப்பிடியைச் சுற்றினால் திருகு முதுகைத் தள்ளும். ஆனால் முதுகு எவ்வளவு அழுத்தினாலும் திருகைத் திருப்பிச் சுற்ற அதனால் முடியாது, உராய்வு விடாது. லாரிக்கு டயர் மாற்றத் திருகு ஜாக்கி வைக்கிறார்களே, கையை எடுத்த பிறகும் லாரி கீழே வருவதில்லையே, அப்படித்தான் என்றேன். வாயால் சொன்னதில் அந்த அம்மாவுக்குத் திருப்தி இல்லை. பலகையை நிமிர்த்திவிட்டுக் கட்டிலில் நானே ஏறிப் படுத்துக் கையைக் காலைத் தளர்த்திக் காட்டினேன். கைப்பிடி அசையவில்லை.

பிறகு வீட்டுக்காரரைப் படுக்கவைத்து, ஒவ்வொரு சுற்றாகச் சுற்றி, எங்கே மூச்சு சீராகிறது என்று அவரையே கேட்டோம். இருபத்திரண்டாவது சுற்றில் கையைக் காட்டினார். அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் 22 என்று எழுதி, பக்கத்தில் தேதியையும் போட்டார்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டரையே சுருட்டி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.